ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்தால் நிறுத்தவே முடியவில்லை, என்ன செய்வது?

மன உறுதி இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள், முடிவே வராதபடிதான் அதைக் கட்டியிருக்கிறார்கள். முன்பெல்லாம் எதையாவது தேடினால் வரும் பத்து முடிவுகளுக்குக் கீழே 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தான் இருக்கும், கை அங்கே கொஞ்சம் நிற்கும். 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முடிவில்லா ஸ்க்ரோல் அந்த நிறுத்தத்தையே எடுத்துவிட்டது (பிற்பாடு அவரே அதற்காக வருந்தினார்). சரி, அந்த நிறுத்தத்தை நாம்தான் திரும்ப வைக்க வேண்டும். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை அழித்துவிட்டு, அணைத்தும் வையுங்கள், முகப்பு காலியாகிவிடும், வேண்டியதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். இன்ஸ்டா செயலியைத் தூக்கிவிட்டு பிரவுசரில் மட்டும் திறவுங்கள், பாஸ்வேர்டையும் சேமிக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் அடிக்கிற சலிப்பிலேயே பாதி நாள் விட்டுவிடுவீர்கள். டைமர்களில் எனக்கு நம்பிக்கையில்லை, 'இன்னும் 15 நிமிடம்' என்று ஒரு தட்டு தட்டினால் போச்சு. அப்புறம் வைரல் வீடியோ தவறிவிடுமே என்கிறீர்களா? அது எப்படியும் சாயங்காலத்துக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும்.