அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுத்தால் அப்பாவின் இதயமோ மூச்சோ நின்றுவிடுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு 71 வயது, இருபது ஆண்டுச் சர்க்கரை நோய், இன்னும் புகைக்கிறார். அடுத்த மாதம் குடல் கட்டிக்காக வயிற்றைத் திறக்கப் போகிறார்கள். ஒப்புதல் படிவத்தில் 'மாரடைப்பு, மூச்சுக் கோளாறு, தீவிர சிகிச்சைப் பிரிவில் தங்க நேரலாம்' என்று இருந்ததைக் கேட்டு அம்மா அழுதுவிட்டார். வரும் வியாழக்கிழமை மயக்க மருந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நான் சிங்கப்பூரில் 18 ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். அவற்றில் 11 ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில். நான் மருத்துவர் அல்லள். உங்கள் அப்பாவின் உடலைப் பற்றிய முடிவுகளை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நோயாளியின் தலைமாட்டில் நின்று பார்த்தவற்றை நான் சொல்லலாம்.

முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். மயங்கிக் கிடக்கும் அந்த நான்கைந்து மணி நேரத்தைவிட அதற்குப் பிந்தைய மூன்று நாட்களுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். அந்த மூன்று நாட்களில் குடும்பத்தார் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

அறுவை அரங்கில் மூச்சு நிற்பது உண்மைதான். ப்ரோபோஃபால் என்ற பால் நிற மருந்து நரம்பில் ஏறியதும் ஒரு நிமிடத்திற்குள் நினைவு போகும், பெரும்பாலும் மூச்சும் நின்றுவிடும். இது மருந்தின் இயல்பு. அதனால்தான் அதற்கு முன்பே முகமூடியை வைத்து மூன்று நிமிடம் ஆக்சிஜன் கொடுத்து நுரையீரலை நிரப்பிக்கொள்கிறார்கள். பிறகு மூச்சுக்குழாயில் ஒரு குழாயைச் செலுத்தி, இயந்திரம் மூச்சைப் பொறுப்பேற்கிறது. ரத்தக் குழாய்கள் தளர்வதால் ரத்த அழுத்தமும் இறங்கும். அதைத் தூக்கி நிறுத்தும் மருந்து ஊசிக் குழலில் ஏற்றப்பட்டுத் தயாராக இருக்கும். தலைமாட்டில் இருக்கும் மயக்க மருந்து மருத்துவர் அந்த இடத்தைவிட்டு அகல மாட்டார். திரையில் இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு இவற்றோடு, வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவும் ஓர் அலையாக ஓடும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மேடு. அந்த மேடு காணாமல் போனால், விரலில் ஆக்சிஜன் குறைவதற்கு முன்பே மருத்துவருக்குத் தெரிந்துவிடும். இவ்வளவு நெருக்கமான காவல் ஒரு மனிதனுக்கு வாழ்நாளில் வேறெப்போதும் கிடைக்காது.

வார்டுக்கு வந்த பிறகு அந்தக் காவல் தளர்கிறது. அங்கே ஒரு தாதிக்குப் பல நோயாளிகள்.

என் தந்தையைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு 74 வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. நான் வேலை செய்யாத வேறொரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. இரண்டாம் நாள் இரவு எட்டரைக்கு, வேலை முடிந்து நேராக அங்கே போனேன். அப்பா ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். "இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்" என்றார் அம்மா. மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரலில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப், திரையில் 97. பார்ப்பவர் யாருக்கும் மனம் குளிரும் எண் அது.

எனக்கு அந்தக் குறட்டை பிடிக்கவில்லை. நீண்ட இழுப்பு, பிறகு ஒன்றுமே இல்லாத இடைவெளி, பிறகு ஒரு விக்கல் போல் மீண்டும் இழுப்பு. போர்வையின் மடிப்பைப் பார்த்துக்கொண்டே கடிகாரத்தை வைத்து எண்ணினேன். ஒரு நிமிடத்தில் ஏழு மூச்சு. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். தோளைத் தட்டி "அப்பா, அப்பா" என்றேன். கண்ணைப் பாதி திறந்து, என்னைப் பார்க்காமலே மூடிக்கொண்டார். கருவிழியின் நடுப்புள்ளி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தது.

வலிக்குக் கொடுத்த மார்ஃபின், சற்றுத் தளர்ந்திருந்த அவருடைய சிறுநீரகத்தால் வெளியேறாமல் உடலில் தேங்கியிருக்கிறது. அது மூளையின் மூச்சு மையத்தை அமுக்கிவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்ததால் திரையில் எண் இறங்கவில்லை. ஆனால் உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போனது. அது ஏற ஏற மயக்கம் கூடும், மயக்கம் கூடக் கூட மூச்சு குறையும். மணியை அழுத்தினேன், கூப்பிட்டேன், ஓடி வந்தார்கள். மார்ஃபினை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்ட சில நிமிடங்களில் அப்பா கண் விழித்து, வலியில் முனகினார். அந்த முனகலைக் கேட்டு நான் அழுதேன்.

யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்த இளம் தாதி ஒரு மணி நேரத்திற்கு முன்புதான் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கட்டிலருகே இருந்தவர் அம்மா. எதைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நான் உட்பட. உங்கள் அம்மாவுக்கு நீங்கள் சொல்லிக்கொடுங்கள். எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், மூச்சை எண்ணுங்கள். எழுப்பினால் தெளிவாகப் பேசுகிறாரா என்று பாருங்கள். நிமிடத்திற்குப் பத்துக்குக் கீழே இறங்கினாலோ, எழுப்பியும் பேச்சு குழறினாலோ உடனே மணியை அழுத்துங்கள். 'தொந்தரவு செய்கிறோமோ' என்று தயங்கவே வேண்டாம்.

நம் தோல் நிறத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். விரல் கிளிப் தோலின் வழியே ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் நிறத்தைப் படிக்கிறது. 1974 இல் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி வகுத்த முறை அது. அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் கறுத்த தோலில் அது உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். 2020 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், கிளிப் 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தப் பரிசோதனையில் 88க்கும் கீழே இருந்தவர்கள், வெள்ளையரில் நூற்றுக்குச் சுமார் 4 பேர், கறுப்பினத்தவரில் சுமார் 12 பேர். உங்கள் அப்பா நல்ல கறுப்பு என்றால், மூச்சு வாங்கும்போது "94 இருக்கிறது, பரவாயில்லை" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள்; தமனி ரத்தத்தைப் பரிசோதிக்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

இனி நுரையீரல். வயிற்றைக் கிழித்துத் தைத்தவருக்கு ஆழமாக மூச்சிழுத்தால் வலிக்கும். அதனால் மேலோட்டமாகவே மூச்சு விடுவார், இருமலை அடக்குவார். நுரையீரலின் அடிப்பகுதி காற்றில்லாமல் சுருங்கிப்போகும். புகைப்பவருக்குச் சளியும் அதிகம், அது அங்கேயே தேங்கி நிமோனியாவாக மாறும். இதைத் தடுப்பதற்கு மலிவான வழிதான் இருக்கிறது: கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைப்பது, முடிந்தால் மறுநாளே நாற்காலியில் அமர்த்துவது, நடக்க வைப்பது. ஒரு தலையணையைத் தையல்மீது வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு இரும வேண்டும். அப்போது தையல் இழுபடாது. மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றைத் தருவார்கள். பலர் கட்டிலருகே மேசையில் அழகுக்கு வைத்துவிடுகிறார்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்து முறை இழுக்கச் சொல்லுங்கள். ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். முதல் நாள் ஒரு பந்துகூட எழும்பாது. மூன்றாம் நாள் இரண்டாவது பந்து எழும்பும்போது அவர் முகத்தைப் பாருங்கள். இதற்கெல்லாம் வலி அடங்கியிருக்க வேண்டும். ஆகவே முதுகில் மெல்லிய குழாய் வைத்து வலியை மரக்கச் செய்யும் எபிடூரல் தமக்குப் பொருந்துமா என்று அப்பா கேட்கலாம்.

இதயத்தைப் பற்றி. அறுவை சிகிச்சையால் உடல் முழுவதும் ஒரு பதற்றம் பரவுகிறது. நாடி வேகமெடுக்கிறது, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, ரத்த இழப்பால் இதயத்திற்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. அறுவை சிகிச்சையை ஒட்டிய மாரடைப்பு பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் வருகிறது, அதுவும் நெஞ்சு வலி இல்லாமலே வருகிறது. வலி மருந்து வலியை மறைத்துவிடும். நெடுநாள் சர்க்கரை நோய் நரம்புகளையே மரத்துப்போகச் செய்திருக்கும். நான் கவனித்துக்கொண்ட பெரியவர் ஒருவர், "மிஸ்ஸி, ஏனோ வியர்க்கிறது, மின்விசிறி போடுங்கள்" என்று மட்டும்தான் சொன்னார். குளிரூட்டப்பட்ட அறை அது. இசிஜியும், இதயத் தசையின் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் மாரடைப்பு என்று சொல்லின. அன்றைக்கே தெரிந்ததால் மருந்து கொடுத்துக் காப்பாற்ற முடிந்தது. காரணமில்லாத வியர்வை, குமட்டல், திடீர்ச் சோர்வு, தாறுமாறான படபடப்பு எதையும் அப்பா சொன்னால் உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பெரிய அறுவைக்குப் பிறகு காவலுக்காக மட்டுமே ஓரிரவு அங்கே வைப்பது உண்டு. அந்தப் பிரிவு பிறந்ததே மூச்சைக் காப்பதற்காகத்தான். 1952 இல் கோபன்ஹேகனில், மூச்சுத் தசைகளையும் முடக்கக்கூடிய போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருந்து மருத்துவர், தொண்டையில் துளையிட்டுப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் அந்தப் பைகளை அமுக்கிக் குழந்தைகளை உயிரோடு வைத்திருந்தார்கள். இரவுப் பணியில் எனக்கு அந்த மாணவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரின் ரத்த அழுத்தம் ஏன் இறங்குகிறது என்று உறவினர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நாம் இயல்பாக மூச்சு விடும்போது நெஞ்சு விரிந்து காற்றை உறிஞ்சுகிறது. அதே இழுப்பில் இதயத்திற்கு ரத்தமும் திரும்பி வருகிறது. இயந்திரமோ காற்றை உள்ளே தள்ளுகிறது. நெஞ்சுக்குள் அழுத்தம் கூடுவதால் இதயத்திற்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. மூச்சுக்குக் கொடுக்கும் உதவி இதயத்திற்குச் சுமையாகிறது. எங்கள் வேலையில் பாதி, இந்த இரண்டையும் சமன்செய்து நிறுத்துவதுதான்.

அங்கே போனால் இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள். கட்டிலின் தலைப்பகுதியை 30 பாகைக்கு மேல் உயர்த்தி வைத்திருப்போம். வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குப் போகாமல் தடுப்பதற்காக. 'சாய்ந்து படுத்தால் கழுத்து வலிக்குமே' என்று தாழ்த்திவிடாதீர்கள். அடுத்தது, கோயில் தீர்த்தம். குழாயை எடுத்த பிறகு விழுங்கும் தசைகள் சில நாள் பலவீனமாக இருக்கும். வாயில் விடும் ஒரு கரண்டி நீர் நேராக நுரையீரலுக்குள் இறங்கலாம். அன்போடு தீர்த்தம் கொண்டுவருபவர்களை நான் தடுத்ததில்லை. நெற்றியில் தெளிக்கச் சொல்வேன். விபூதியும் பூசிவிடலாம்.

வியாழக்கிழமை நீங்களும் கட்டாயம் உடன் போங்கள். நம் அப்பாக்கள் மருத்துவரிடம் "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்" என்பார்கள். இரண்டு மாடி ஏற முடியுமா என்று மருத்துவர் கேட்பார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மின்தூக்கி இருப்பதால் அப்பா படி ஏறியே பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அதற்குள் ஒருநாள் சாலையைக் கடக்கும் நடைமேம்பாலத்தின் படிகளில் அவரோடு ஏறிப் பாருங்கள், நடுவில் நிற்கிறாரா என்று கவனியுங்கள். சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, பையோடு எடுத்துச் செல்லுங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையாக இருந்தால், வழக்கமாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறி மூச்சு வாங்கக்கூடும். பீட்டா பிளாக்கர் போன்ற இதய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இதயம் தறிகெட்டு ஓடக்கூடும். மூச்சுக் குழாயை வாய்வழியே செலுத்துவதால், ஆடும் பல், கட்டிய பல் எதையும் மறைக்க வேண்டாம். புகையை இன்றே நிறுத்தினால் ஒரு நாளிலேயே ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு இறங்கும். நுரையீரல் தேறச் சில வாரங்கள் வேண்டும், அடுத்த மாதம் வரை உங்களுக்கு அந்த வாரங்கள் இருக்கின்றன.

அறுவை அன்று பட்டினி என்றால் பாலும் கூடாது. திட உணவுக்குப் பொதுவாக ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம். தே-ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், தெளிந்த பானத்தில் சேரும். பால் சேர்த்த தே வயிற்றில் திரிந்து உணவாகிவிடும். விடிகாலையில் கோப்பிக் கடையில் ஒரு தே குடித்துவிட்டு வந்ததற்காக அறுவை தள்ளிவைக்கப்பட்ட பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மருத்துவமனை தரும் நேரத்தையே பின்பற்றுங்கள்.

குறட்டையைப் பற்றியும் கேட்பார்கள். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவருக்கு மார்ஃபின் வகை மருந்துகள் இரட்டை ஆபத்து. முன்பே தெரிந்தால் அளவைக் குறைப்பார்கள், முதல் இரவு தொடர் கண்காணிப்பில் வைப்பார்கள். என் தந்தைக்கு அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது அவர் "இல்லை" என்று சொல்லிவிட்டார்; அம்மாவைக் கேட்டிருந்தால் முப்பது ஆண்டுக் கதையைச் சொல்லியிருப்பார். இன்றிரவு உங்கள் அப்பா உறங்கிய பிறகு அருகில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கைபேசியில் பதிவு செய்யுங்கள். வியாழக்கிழமை மருத்துவரிடம் அதைப் போட்டுக் காட்டுங்கள்.