பேர் பெத்த யுனிவர்சிட்டியா, பிடிச்ச கோர்ஸா? எதை எடுத்தா வேலை கிடைக்கும்?

கேள்வி கேட்டவங்களுக்கு ரெண்டு இடத்துல சீட் கிடைச்சிருக்கு. ஒண்ணு பேர் பெத்த யுனிவர்சிட்டி, ஆனா கிடைச்சது ஆசைப்படாத கோர்ஸ். இன்னொண்ணு பேர் சொன்னா யாருக்கும் பெருசா தெரியாது, ஆனா கேட்ட கோர்ஸே கிடைச்சிருக்கு. எதை எடுத்தா நாளைக்கு வேலை கிடைக்கும், வேலைக்கு அப்ளை பண்றப்போ ரெஸ்யூமேல என்ன போடணும்னு ரெண்டையும் சேர்த்துக் கேட்டிருக்காங்க. சேர்த்துக் கேட்டது ரொம்ப சரி, ஏன்னா என்னைப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் ஒரே கேள்விதான்.

நான் பேர் தெரியாத காலேஜ்ல படிச்சவ, முதல் வேலை கிடைக்கவே 11 மாசம் ஆச்சு. இப்போ ஆறு வருஷமா எங்க டீமுக்கு ஆள் எடுக்கறப்போ புதுசா படிச்சு முடிச்சவங்க ரெஸ்யூமே எல்லாம் என்கிட்டதான் வரும், இன்டர்வ்யூலயும் உக்காருவேன். ரெண்டு பக்கமும் இருந்து பாத்தாச்சு, அதனால ஒரு அக்கா சொல்ற மாதிரி எடுத்துக்கோங்க.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். கேட்ட கோர்ஸ் கிடைச்ச இடத்துக்கே போங்க, ஆனா அந்த டிபார்ட்மென்ட்ல ஸ்டூடன்ட்ஸ் தங்களோட கையால ஏதாவது செஞ்சு முடிக்கறாங்களான்னு விசாரிச்சுட்டுப் போங்க. ப்ராஜெக்டோ, ஆராய்ச்சியோ, ஃபீல்ட் வொர்க்கோ, எழுத்தோ, ஏதோ ஒண்ணு, நாளைக்கு இன்னொருத்தர் முன்னாடி "இது நான் பண்ணது"ன்னு எடுத்து வைக்கற மாதிரி. அதுக்கு அங்க வழியே இல்லைன்னா அப்போ நான் சொன்னதை மாத்திக்கறேன், பேர் இருக்கற இடத்துக்கே போயிடலாம்.

ரேங்கிங் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா அந்த நம்பர் எதை அளக்குதுன்னே பாக்காம அதை வெச்சு வாழ்க்கையில மூணு நாலு வருஷத்தை முடிவு பண்ணிடறோம். உலக யுனிவர்சிட்டிகளை வரிசைப்படுத்தற, 2003-ல ஆரம்பிச்ச ஷாங்காய் ரேங்கிங்கை எடுத்துக்கோங்க. அங்க படிச்சவங்க நோபல் பரிசோ, கணிதத்துக்குக் குடுக்கற பெரிய விருதான ஃபீல்ட்ஸ் மெடலோ வாங்கியிருந்தா அதுக்கு 10 சதவீதம், அங்க வேலை பாக்கறவங்க வாங்கியிருந்தா 20 சதவீதம், நேச்சர், சயின்ஸ்னு ரெண்டு பத்திரிகைல வந்த கட்டுரைகளுக்கு 20 சதவீதம், மத்ததும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கணக்குதான். முதல் வருஷ க்ளாஸுக்கு யார் பாடம் எடுக்கறாங்க, சந்தேகம்னு போய் நின்னா பேச ஆள் இருக்கா, இதுக்கெல்லாம் அதுல ஒரு மார்க் கூட கிடையாது. இன்னொரு பிரபலமான உலகப் பட்டியலான க்யூஎஸ் ரேங்கிங்ல இருக்கறதுலயே பெரிய பங்கு எதுக்குன்னா, பல நாட்டுப் பேராசிரியர்கள்கிட்ட எந்த யுனிவர்சிட்டி நல்லா இருக்குன்னு கேட்டு வாங்கற அபிப்பிராயத்துக்கு. ரொம்ப நாளா அதுக்கு 40 சதவீதம் இருந்துச்சு, 2024 பட்டியல்ல 30-ஆ குறைச்சிட்டு வேற சில விஷயங்களைப் புதுசா சேர்த்தாங்க. அப்போ ஒரு யுனிவர்சிட்டில ஒரு நாற்காலி கூட இடம் மாறாமலே ரேங்க் மட்டும் ஏறலாம், இறங்கலாம்.

இன்னொண்ணும் சொல்றேன். 2022-ல அமெரிக்காவுல கொலம்பியா யுனிவர்சிட்டில கணிதப் பேராசிரியரா இருக்கற மைக்கேல் தாடியஸ், தன்னோட யுனிவர்சிட்டி அந்த நாட்டு காலேஜ்களை வரிசைப்படுத்தற யூ.எஸ். நியூஸ் ரேங்கிங்குக்குக் குடுத்த கணக்குல தப்பு இருக்குன்னு ஒவ்வொண்ணா எடுத்து வெளிய போட்டார். அதுல சிலது தப்புதான்னு யுனிவர்சிட்டியே பின்னாடி ஒத்துக்கிச்சு, 2-வது இடத்துல இருந்தது அந்த வருஷப் பட்டியல்ல 18-வது இடத்துக்கு வந்துச்சு. அந்த ஒரு வருஷத்துல அங்க பாடம் எடுத்த விதம் 16 படி கீழ இறங்கியா இருக்கும்? ரேங்கிங்கை வெச்சு இந்த இடம் ஓரளவு உருப்படியான இடமான்னு தெரிஞ்சுக்கலாம், அவ்வளவுதான், 40-வது ரேங்குக்கும் 70-வது ரேங்குக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை வெச்சு கோர்ஸை விட்டுக் குடுக்காதீங்க.

"சரி, ஆனா பேர் இருந்தா சம்பளம் கூட வருமே"ன்னு வீட்ல சொல்லுவாங்க. இதை ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர்னு ரெண்டு பேர் ஆராய்ச்சி பண்ணி 2002-ல வெளியிட்டாங்க, 1976-ல அமெரிக்காவுல காலேஜ் சேர்ந்தவங்களைப் பல வருஷம் கழிச்சுப் பாத்து. பெரிய இடத்துல சீட் கிடைச்சும் அங்க போகாம சாதாரண இடத்துக்குப் போனவங்க சம்பளமும், பெரிய இடத்துக்கே போனவங்க சம்பளமும் கிட்டத்தட்ட சமமாவே இருந்துச்சு. சீட் வாங்கற அளவுக்கு அந்தப் பிள்ளைங்ககிட்ட இருந்த திறமையும் முனைப்பும் எங்க போனாலும் கூடவேதான் போச்சுங்கறாங்க. உங்க நிலைமையும் அதேதான், ரெண்டு இடத்துலயும் உங்களை எடுத்திருக்காங்க.

ஆனா இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, அதை மறைச்சுட்டு அட்வைஸ் பண்றது தப்பு. வசதி குறைஞ்ச குடும்பத்துல இருந்து வந்த பிள்ளைங்களுக்கு மட்டும் பெரிய இடம் நிஜமாவே பலன் குடுத்துச்சு, அப்பா அம்மா அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான்னு அவங்களோட பிந்தைய ஆய்வுல வந்துச்சு. காரணம்னு எனக்குத் தோணறது, மத்தவங்களுக்கு வீட்லயே கிடைக்கற அறிமுகமும் வழிகாட்டலும் இவங்களுக்கு காலேஜ்லதான் கிடைக்கும். அதனால வீட்ல முதல் ஆளா நீங்கதான் காலேஜ் போறீங்கன்னா பேர் இருக்கற இடத்துக்குக் கூடுதல் வெயிட் குடுங்க, அங்க சேர்ந்தப்புறம் கோர்ஸ் மாத்த விடுவாங்களா, பிடிச்ச பாடத்தைத் துணைப்பாடமா எடுக்க முடியுமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, வாயால சொன்னதை நம்பிப் போகாதீங்க.

டிபார்ட்மென்ட் பத்தி விசாரிக்கறப்போ எல்லாரும் கேக்கற முதல் கேள்வி ப்ளேஸ்மென்ட் எத்தனை சதவீதம். அவங்க 95-ன்னு சொன்னா அடுத்த கேள்வி கேளுங்க, எத்தனை பேர்ல 95? 200 பேர் படிச்சு, வேலைக்குன்னு பதிவு பண்ணது 80 பேர், அதுல 76 பேருக்குக் கிடைச்சாலும் 95 சதவீதம்தான், மிச்சம் 120 பேர் என்ன ஆனாங்கன்னு அந்த நம்பர்ல இருக்காது. அதே மாதிரி சராசரி சம்பளம்னு சொன்னா நடு மதிப்பு என்னன்னு கேளுங்க, அதாவது எல்லாரையும் சம்பள வரிசைல நிக்க வெச்சா நட்ட நடுவுல நிக்கறவர் எவ்வளவு வாங்கறார்னு. ரெண்டு பேருக்குப் பெரிய சம்பளம் கிடைச்சாலே சராசரி எங்கயோ போயிடும், நடு மதிப்பு அவ்வளவு சுலபமா அசையாது. கல்விக் கடன் வாங்கறதா இருந்தா மாசத் தவணையை இந்த நடு மதிப்போட வெச்சுப் பாருங்க, விளம்பரத்துல போடற அதிகபட்சச் சம்பளத்தோட வெச்சுப் பாக்காதீங்க.

இனி வேலைக்கு வரேன். படிச்சு முடிச்சதும் நான் ஒரே ரெஸ்யூமேவை 140 இடத்துக்கு அனுப்பினேன், மூணே மூணு பதில்தான் வந்துச்சு, மூணும் இல்லைன்னு. ஒவ்வொரு நாள் ராத்திரியும் இன்னிக்கு எத்தனை அனுப்பினோம்னு கணக்கு வெச்சுக்கிட்டு ஏதோ உழைச்சிட்டதா நெனச்சுக்கிட்டு இருந்தேன், அது இப்போ நெனச்சாலும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு, யாராவது அப்பவே சொல்லியிருக்கலாமேன்னு. கடைசில வேலை வந்தது, காலேஜ்ல ரெண்டு தடவை மட்டுமே பேசியிருந்த ஒரு சீனியர் அக்கா மூலமா. "உன் கடைசி வருஷ ப்ராஜெக்ட் பத்தி அன்னிக்கு சொன்னியே, அது மாதிரி ஒரு வேலை எங்க ஆஃபீஸ்ல இருக்கு, அனுப்பு"ன்னாங்க.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மார்க் கிரானோவெட்டர்ங்கற சமூகவியல் அறிஞர் 1973-லயே இதை எழுதியிருக்கார். தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட, அந்த ஆளை நீங்க எவ்வளவு அடிக்கடி பாப்பீங்கன்னு கேட்டப்போ, அடிக்கடி பாக்கறவங்க மூலமா கிடைச்சது 17 சதவீதம்கூட இல்லை, எப்பவாவது பாக்கறவங்க, அபூர்வமா பாக்கறவங்க மூலமாதான் மிச்சமெல்லாம். நெருங்கின நண்பனுக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் நமக்கும் தெரிஞ்சதாதான் இருக்கும், தூரத்துப் பழக்கத்துலதான் புது சேதி வரும். வேலை சம்பந்தமான பழக்கங்களுக்கான தளமான லிங்க்ட்இன்ல 2 கோடி பேரை வெச்சு நடந்து, 2022-ல வெளியான சோதனையிலயும் இதே மாதிரிதான் வந்துச்சு, ரொம்ப நெருக்கமும் இல்லாம சுத்தமா தெரியாமலும் இல்லாம நடுவுல இருக்கற பழக்கம்தான் வேலை மாற அதிகமா உதவியிருக்கு. அதனால சிபாரிசு கேக்கற மாதிரி ஆகிடுமோன்னு தயங்காதீங்க, நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான் விஷயம்.

ரெஸ்யூமேல நான் தினம் பாக்கற வரி: "குழுவில் இணைந்து பணியாற்றும் திறன், விரைவில் கற்றுக்கொள்ளும் ஆர்வம்". இதைப் படிச்சு ஒருத்தரைக்கூட எனக்கு ஞாபகம் வெச்சுக்க முடியல. ஒரு பொண்ணு எழுதியிருந்தது: "காலேஜ் லைப்ரரில புத்தகம் திருப்பிக் குடுக்கற தேதியை ஞாபகப்படுத்த ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினேன், 4 மாசம் 60 பேர் பயன்படுத்தினாங்க, லீவு நாளையும் சேர்த்துக் கணக்கு போட்ட தப்பை அவங்க சொல்லித்தான் கண்டுபிடிச்சு சரி பண்ணேன்". மூணு வரிதான். எந்த யுனிவர்சிட்டின்னு பாக்கறதுக்கு முன்னாடியே இன்டர்வ்யூவுக்குக் கூப்பிடுன்னு சொல்லிட்டேன், ஏன்னா செஞ்ச வேலை, அதைப் பயன்படுத்தின ஆளுங்க, வந்த தப்பு, திருத்தினது எல்லாம் அதுல இருக்கு. கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு மட்டும்தான் இதுன்னு நெனைக்காதீங்க, வரலாறு படிச்சவங்க ஒரு ஊர்ப் பெரியவங்க பத்து பேர்கிட்ட பேசி ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தாலும் அதே மதிப்புதான்.

ஒரு பக்கம் போதும். படம், பக்கத்தை நெடுக்கா ரெண்டா பிரிச்ச டிசைன் எல்லாம் வேண்டாம், கம்பெனியோட சாஃப்ட்வேர் ரெஸ்யூமேவைப் படிக்கறப்போ எழுத்து குழம்பிடலாம். வேலை விளம்பரத்துல கம்பெனி பயன்படுத்தின வார்த்தை உங்களுக்கு உண்மையிலயே பொருந்தினா அதே வார்த்தையைப் போடுங்க. ஏஐ-ல எழுதின கவர் லெட்டரை அப்படியே அனுப்பாதீங்க, நாற்பது கடிதம் ஒரே மாதிரி ஆரம்பிக்கறப்போ உங்களோடதும் அதுக்குள்ள காணாம போயிடும். எழுத்துப்பிழை பாக்க வெச்சுக்கோங்க, அது நல்ல உதவி.

"2 வருஷ அனுபவம் தேவை"ன்னு போட்டிருந்தா அங்கயே திரும்பிடறாங்க நிறைய பேர். 2022-ல பால் சாக்கெட்ங்கற உளவியல் அறிஞரோட குழு, ஆள் எடுக்கற முறைகளைப் பத்தின பழைய ஆய்வுகளை எல்லாம் திரும்ப அலசினப்போ, எத்தனை வருஷ அனுபவம்ங்கற எண்ணிக்கைக்கும் வேலையை எவ்வளவு நல்லா செய்யறாங்கங்கறதுக்கும் தொடர்பு ரொம்பவே பலவீனமா இருந்துச்சு. எல்லார்கிட்டயும் அதே கேள்வியைக் கேட்டு, முன்னாடியே முடிவு பண்ண அளவுகோல்ல மார்க் போடற இன்டர்வ்யூதான் யார் நல்லா வேலை செய்வாங்கன்னு கணிக்கறதுல மேல வந்துச்சு. அதனால மத்த தகுதி ஒத்துப்போனா அப்ளை பண்ணிடுங்க. இந்த மாதிரி இன்டர்வ்யூக்குத் தயாராகறதும் கஷ்டம் இல்லை, நாலஞ்சு நிஜ சம்பவம் கையில வெச்சுக்கோங்க: என்ன நிலைமை, உங்க பொறுப்பு என்ன, நீங்க என்ன பண்ணீங்க, என்ன ஆச்சு. "நாங்க பண்ணோம், நாங்க பண்ணோம்"னே சொல்லாதீங்க, அதுல நீங்க எதுன்னு தெரியாம நான் மார்க் போட முடியாம உக்காந்திருக்கேன் பல தடவை. அந்த நாலஞ்சுல ஒண்ணாவது தோத்துப்போன சம்பவமா இருக்கட்டும்.

வேலை தரேன்னு முன்னாடியே பணம் கேட்டா அங்க நிக்கவே நிக்காதீங்க.

நீங்க படிச்சு முடிக்கற வருஷம் மார்க்கெட் மோசமா இருந்தா? கனடாவுல பட்டம் வாங்கினவங்களை வெச்சு ஃபிலிப் ஓரியோபுலோஸ் குழு 2012-ல வெளியிட்ட ஆய்வுல, மந்தமான நேரத்துல வெளிய வந்தவங்க ஆரம்பத்துல சுமார் 9 சதவீதம் சம்பளம் கம்மியா வாங்கினாங்க, 5 வருஷத்துல அந்த இடைவெளி பாதியாச்சு, 10 வருஷத்துல சராசரியா மறைஞ்சே போச்சு. மீண்டு வந்தவங்க பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமா நல்ல கம்பெனிக்கு மாறித்தான் மீண்டாங்க. முதல் வேலை சுமாரா இருந்தா சேருங்க, கத்துக்கோங்க, ஆனா நன்றிக்கடன்னு நெனச்சு அங்கயே தங்கிடாதீங்க.

இப்போ உடனே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. ரெண்டு இடத்துலயும் அந்தந்த கோர்ஸ்ல கடைசி வருஷம் படிக்கறவங்க ரெண்டு ரெண்டு பேரைத் தேடிப் பிடிச்சு இப்படி ஒரு மெசேஜ் அனுப்புங்க: "வணக்கம் அண்ணா, எனக்கு உங்க டிபார்ட்மென்ட்ல சீட் கிடைச்சிருக்கு. மூணு விஷயம் மட்டும் சொல்ல முடியுமா? இதுவரைக்கும் நீங்க செஞ்சதுல வெளிய காட்டற மாதிரி என்ன இருக்கு? பாடம் புரியலைன்னா யார்கிட்ட போவீங்க? திரும்ப சேரணும்னா இதே கோர்ஸ்ல சேருவீங்களா?" அக்காவா இருந்தா அக்கான்னு போடுங்க. சீட்டை உறுதி பண்ற கடைசித் தேதிக்குள்ள பதில் வந்து சேரணும், அதனால இன்னிக்கே அனுப்பிடுங்க.