கார்ன் பாம்புக் குட்டிகள் தலையைத் திருகினால்

குட்டி தலையைத் திருகுதேன்னு கேட்டிருந்தீங்க. அந்த கார்ன் பாம்பு (வீட்டுல வளர்க்கிற, விஷமில்லாத பாம்பு) ஜோடியை இனி சேர்க்காதீங்க. 14 முட்டையில 3 குட்டி தலையை மேலே திருகி மல்லாந்து விழுது, தாயும் தகப்பனும் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. இது ஸ்டார்கேசர் குறைபாடா, அதாவது தலை மேலே திருகி நிலை தடுமாற வைக்கிற பரம்பரைக் குறையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒடுங்கு மரபணு, அதாவது தாய், தகப்பன் ரெண்டு பக்கமிருந்தும் வந்தாதான் வெளியே தெரியும். பெற்றோர் ரெண்டுமே அதைச் சுமந்தா கால்வாசி குட்டிக்கு வரும். உங்க கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். சன்கிஸ்ட்ங்கிற கார்ன் பாம்பு நிற வகையோட வம்சத்துலதான் இது முதல்ல பேசப்பட்டது.

ஆனா உங்க தருமபுரி மே மாச வெயிலையும் விட்டுட முடியாது. முட்டை வச்ச இன்குபேட்டரோட தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்தும், அறையைக் குளிர வைக்காது. முட்டைக்கு 27–29 டிகிரி செல்சியஸ்தான் பாதுகாப்பு. 32-க்கு மேல பல நாள் போயிருந்தா முதுகெலும்பு வளைஞ்ச குட்டி, முட்டைக்குள்ளேயே செத்தது எல்லாம் சேர்ந்து வரும். உண்ணி மருந்து அடிச்சிருந்தாலும் இப்படித் தள்ளாடும்.

உறுதி செய்ய:

1. ஆண், பெண் ரெண்டும் உரிச்ச சட்டையையும் தனித்தனியா எடுங்க.
2. நிழல்ல நல்லா உலர்த்தி, பேர் எழுதின காகித உறையில போடுங்க. பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் நின்னா பூஞ்சை பிடிச்சு டிஎன்ஏ கெட்டுடும்.
3. மரபணு ஆய்வகத்துக்கு அனுப்பி, ஸ்டார்கேசர் பரிசோதனைன்னு குறிப்பிட்டே கேளுங்க.

ஆண், பெண் ரெண்டுல ஒண்ணுக்காவது அந்த மரபணு 'இல்லை'ன்னு வந்தா ஸ்டார்கேசர் இல்லை, இன்குபேட்டரைப் பாருங்க. அந்த முடிவு மத்த மரபுக் குறைக்குப் பொருந்தாது.

ரெண்டுக்கும் 'உண்டு'ன்னு வந்தா, நல்லாத் தெரியற 11 குட்டியையும் சும்மா வித்துடாதீங்க. ஒவ்வொண்ணும் அந்த மரபணுவைச் சுமக்க மூணுல ரெண்டு பங்கு வாய்ப்பு. வாங்குறவங்ககிட்ட சொல்லியே கொடுங்க.