கணினி கேள்வி-பதில்: பேலன்ஸைப் பூட்டியே வையுங்கள்

கேள்வி: சார், பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜாவாவில் 'அக்கவுண்ட்' என்ற கிளாஸிலிருந்து 'சேவிங்ஸ்' கிளாஸை எழுதினேன். வட்டி சேர்க்கும் வரியில் 'பேலன்ஸ் ஹாஸ் பிரைவேட் ஆக்சஸ் இன் அக்கவுண்ட்' என்று எரர் வந்தது. தோழி சொன்னபடி பிரைவேட்டை ப்ரொடெக்டட் ஆக்கினேன், ஓடிவிட்டது. செய்தது சரியா?
- கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: ஓடினாலும் பரவாயில்லை, திரும்ப பிரைவேட் ஆக்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பிரைவேட் என்றால் அந்த கிளாஸுக்குள் மட்டும் தொடலாம்; ப்ரொடெக்டட் என்றால் அதிலிருந்து உருவாகும் சப்கிளாஸும் (இங்கே சேவிங்ஸ்) தொடலாம்.

பேலன்ஸ் உங்கள் சேவிங்ஸுக்கு வராமல் போகவில்லை. 'நியூ' போட்டு ஒரு சேவிங்ஸ் ஆப்ஜெக்ட் உருவாக்கும்போதே அதற்குள் பேலன்ஸுக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. சேவிங்ஸில் எழுதும் கோடு அதை நேரடியாகத் தொடக்கூடாது, அவ்வளவுதான். வட்டியைக் கணக்கிட்டு, அக்கவுண்டில் உள்ள டெபாசிட் மெத்தடிடம் கொடுங்கள். அங்கே மைனஸ் தொகையைத் தடுக்கும் 'இஃப்' ஒன்று இருக்குமே, அதுவும் வேலை செய்யும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மளிகைக் கடைக்கு ஸ்டாக் புரோகிராம் எழுதினேன். 'பொருள்' கிளாஸில் இருப்பை ப்ரொடெக்டட் ஆக வைத்திருந்தேன். கிலோவில் கணக்கு, 25-க்குக் கீழே போனால் 'கொள்முதல் செய்க' என்று திரையில் வரும். பிறகு சில்லறை எடைக்காக ஒரு சப்கிளாஸ் எழுதியபோது இருப்பை நேரடியாக கிராமில் போட்டேன். 50 கிலோ துவரம்பருப்பு 50,000 ஆனது. மூட்டை காலியாகும்வரை எச்சரிக்கை வரவில்லை. பொங்கலுக்கு முதல்நாள் கடைக்காரர் பருப்பில்லாமல் நின்றார். அவர் முகம் இன்னும் மறக்கவில்லை. இருப்பு பிரைவேட்டாக இருந்திருந்தால் கம்பைலரே அன்று என்னைத் தடுத்திருக்கும்.

சி பிளஸ் பிளஸில் ப்ரொடெக்டட் வந்ததே ஸ்டான்ஃபோர்டில் 'இன்டர்வியூஸ்' என்ற, திரைத் தோற்றம் அமைக்க உதவும் லைப்ரரியை எழுதிய மார்க் லின்டன் கேட்டதால்தான். ஏறக்குறைய ஐந்து வருடம் கழித்து, அதே இன்டர்வியூஸில் ப்ரொடெக்டட் டேட்டாவுக்கு அவரே தடை போட்டார். பிழைகள் அங்கிருந்துதான் கிளம்பின. மெத்தடுகளை ப்ரொடெக்டட் ஆக்குவது வேறு விஷயம். சப்கிளாஸ் மாற்றி எழுத வேண்டிய மெத்தடுக்கு அது பொருத்தம்தான்.

ஜாவாவில் இன்னொரு சங்கதி: ப்ரொடெக்டட் என்றால் சப்கிளாஸ் மட்டுமல்ல, அதே பேக்கேஜில் (கிளாஸ்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பில்) உள்ள எல்லா கிளாஸும் தொடலாம். லேபில் எல்லா ஃபைலையும் பேக்கேஜ் பெயரே இல்லாமல் ஒரே ஃபோல்டரில்தானே வைத்திருப்பீர்கள்? அப்போது அவை எல்லாம் ஒரே பேக்கேஜ்தான். அக்கவுண்டோடு எந்த உறவும் இல்லாத ஒரு கிளாஸிலிருந்து பேலன்ஸில் மைனஸ் 500 போட்டுப் பாருங்கள். ஒரு எரரும் வராது.