வாடகைக் கோட்டு

அன்புள்ள அக்கா,

மெட்ராஸ் ரெஜிமெண்டில் 24 வருடம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். ஊர் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, இப்போது தென்னந்தோப்பு பார்க்கிறேன். மகள் சென்னை ஓ.டி.ஏ.வில் (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி) பயிற்சி முடித்து செப்டம்பரில் லெப்டினன்ட் ஆகிறாள். பரேட் முடிந்ததும் தோளில் ஸ்டாரை மூடியிருக்கும் துணியை நானும் மனைவியும் எடுக்க வேண்டும். மைத்துனர் கோயம்புத்தூரில் கோட்டு சூட்டு வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார். எனக்கு வேட்டிதான் வசதி, ஆனால் பெரிய ஆபீசர்கள் எல்லாம் குடும்பத்தோடு வருவார்கள். பழைய யூனிஃபார்ம் போடலாமா? அப்பாவின் 1971 போர் சங்கிராம் மெடலையும் குத்திக்கொள்ளலாமா?

ம.

அன்புள்ள தம்பி,

மகளுக்கு என் அன்பு. 49 வாரம் அந்த வெயிலில் ஓடியிருக்கிறாள், முதலில் அவளுக்குப் பிடித்ததை ஆக்கிப் போடுங்கள்.

சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். யூனிஃபார்ம் வேண்டாம், பென்ஷன் வந்தபின் பெட்டியில் வைத்தது வைத்ததுதான். மெடல் கண்டிப்பாகக் குத்துங்கள். உங்களுடையது இடது மார்பில், அப்பாவுடையது வலது மார்பில். பகல் நிகழ்ச்சி, அதனால் பெரிய மெடல், மினியேச்சர் வேண்டாம். சட்டையில் குத்தினால் கனத்தில் துணி தொங்கும், உள்ளே கெட்டித் துணி ஒரு துண்டு வைத்துக் குத்துங்கள். இதில் பாதி என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். நீங்கள் கேட்க வந்தது கோட்டைப் பற்றி, அதைக்கூட நேராகக் கேட்காமல் மைத்துனர் தலையில் கட்டிவிட்டீர்கள்.

போன வாரம் சித்தி வீட்டு ஆல்பத்தை ஸ்கேன் செய்து கொடுத்தேன். அதில் ஒரு போட்டோ என்னை விடுவதாக இல்லை, அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். என் சித்தப்பாவும் பட்டாளத்துக்காரர், ஹவில்தாருக்கும் கீழே, நாயக்காக வெளியே வந்தவர். அவர் மகனும் அதே பரங்கிமலை ஓ.டி.ஏ.வில்தான் ஆபீசர் ஆனான், நானும் போயிருந்தேன். சித்தப்பா எதிர்வீட்டு பேங்க் மேனேஜரின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். தோள் பொருந்தியது, கை நீளம். பரேட் முடிவதற்குள் வெயில் ஏறி, கேலரியில் உட்கார்ந்தே உள்சட்டை வரை நனைந்துவிட்டார். அப்புறம் அவன் வந்து எதிரில் விறைப்பாக நின்றான். அந்த மூடுதுணி தோள்பட்டையில் இறுக்கமாக இருக்கும், இரண்டு விரலால் பிடித்து மெதுவாக உருவ வேண்டும். சித்தப்பா பிடிப்பதற்குள் கோட்டின் கை விரல் வரை இறங்கிவிட்டது, ஏற்றிவிட்டார், மறுபடியும் இறங்கியது. கடைசியில் சித்தி வளையலை முழங்கை வரை தள்ளிக்கொண்டு இரண்டு பக்கமும் அவரே எடுத்தார். போட்டோவில் மகன் நேராகப் பார்க்கிறான், சித்தி மகனைப் பார்க்கிறார், சித்தப்பா கோட்டின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். துப்பாக்கியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றி மாட்டியவர் தம்பி அவர்! அன்றைக்கு அவர் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை.

பெரிய ஆபீசர்களாம். பிரிகேடியர் மகள் தோளிலும் இரண்டு ஸ்டார்தான், உங்கள் மகள் தோளிலும் இரண்டு ஸ்டார்தான். உங்கள் ரெஜிமெண்டில் மலையாளியும் தெலுங்கனும் கன்னடத்தானும் ஒரே பேரக்கில் படுத்து, ஒரே குரலில் ‘அடி கொல்லு’ என்று போர் முழக்கம் கத்தினீர்கள். அப்போது வராத கூச்சம் ஒரு கோட்டுக்கு எப்படி வந்தது? எல்லையில் இருக்கிற வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், நம்மைப் பாண்டி என்பார்கள், அந்தப் பக்கம் போனால் மலையாளத்தான் என்பார்கள். இரண்டு பக்கமும் பேச்சு வாங்கிப் பழகினவர்களுக்கு மூன்றாவதாக ஒருத்தர் பார்த்தால் என்ன?

2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில் உயர்நீதிமன்ற நீதிபதியையே வேட்டி கட்டியதற்காக உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது: வேட்டியைத் தடுத்தால் ஓராண்டு வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். அது கிளப் மாதிரி இடங்களுக்கு, அதைக் கையில் வைத்துக்கொண்டு பட்டாளத்து கேட்டில் சண்டை போடாதீர்கள். அழைப்பிதழில் உடை பற்றி என்ன போட்டிருக்கிறது என்று மகளிடம் கேளுங்கள். வேட்டி ஆகும் என்றால் வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, முடிந்தது. கோட்டுதான் வேண்டும் என்றால் வாடகைக்கு எடுக்காதீர்கள். உங்கள் டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைத்து, வீட்டிலேயே ஒருநாள் முழுக்கப் போட்டு, கையைத் தூக்கி இறக்கிப் பாருங்கள். மணிக்கட்டில் நின்றால் சரி.

பரேட் நடக்கும் இடத்துக்கு மேஜர் பரமேஸ்வரன் பெயர். இலங்கையில் 1987 நவம்பரில் உயிர்விட்டு, பரம்வீர் சக்ரா பெற்றவர், அதே அகாடமியில் படித்தவர். அந்தத் தரையில் நடந்து வந்து நிற்கப்போகிற பெண்ணின் முகத்தைப் பாருங்கள். உங்கள் சட்டைக் கையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, இதற்குத்தான் எனக்கு உண்மையாகவே கோபம். இத்தனை கேள்வி கேட்டீர்கள், மனைவி என்ன கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு தோள் அவருடையது. நீங்கள் பட்டாளத்தில் இருந்த வருஷமெல்லாம் அந்தப் பெண்ணை வளர்த்தது யார்? அவருக்கு ஏதாவது கேட்க வேண்டுமானால் அவரையே எழுதச் சொல்லுங்கள், உங்கள் வழியாக வேண்டாம்.

அக்கா