மான் வேட்டைக்கு 12 போர் துப்பாக்கியில் எந்தத் தோட்டா?

வேதாரண்யத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மச்சான் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறார், 12 போர் (குழாயின் அகல அளவு) துப்பாக்கிக்குப் பல சிறு குண்டுகள் அடைத்த ரவைத் தோட்டாவா, ஒற்றைக் குண்டா என்று.

ஒற்றைக் குண்டுதான். சுமார் 28 கிராம் ஈயம் ஒரே கட்டியாகப் பாய்வதால், சரியான இடத்தில் பட்டால் மான் சீக்கிரம் விழுந்துவிடும். ஆனால் முதலில் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வழவழப்பாக இருந்தால், பக்கவாட்டில் வரி போட்ட ஈயக்குண்டு. உள்ளே புரி (சுருள் பள்ளம்) வெட்டியிருந்தால், பிளாஸ்டிக் உறையோடு வரும் சேபாட் குண்டு. வழவழப்பான குழாயில் சேபாட்டைப் போட்டால் குறி நிற்காது.

ரவையில் பெரிய வகைகளில் ஒன்றான 00 பக்‌ஷாட் ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர், சாதாரணத் தோட்டாவில் எட்டு, ஒன்பது இருக்கும். முப்பது மீட்டர் தாண்டினால் விரிந்துவிடும். ஒன்றிரண்டு மட்டும் வயிற்றில் பட்ட மான் ஓடிப்போய்ப் புதருக்குள் கிடந்து துடித்துச் சாகும். அந்தப் பாவம் வேண்டாமே! பறவை சுடும் பொடி ரவை கூடவே கூடாது. சில மாநிலங்களில் மானுக்கு ரவைத் தோட்டாவே தடை, அங்குள்ள விதியைப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

அப்புறம், இதெல்லாம் அங்கே மட்டும். நம் கோடியக்கரை வெளிமான் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புள்ளிமானையும் சுடக்கூடாது. வயலில் இறங்கி மேய்ந்தால் வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும்.