வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள், தம்பி

தம்பி, இந்த நாட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு வீடு, வாடகை, ஓட்டுநர் உரிமம் பற்றிச் சொல்ல நிறைய பேர் வருவார்கள், நான் அதற்குள் போகவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள உங்கள் மகன் பொருள்களின் பேரெல்லாம் சொல்கிறான், ஆனால் 'ஒருவேளை', 'நியாயம்', 'பொறுமை' மாதிரிச் சொற்கள் பிடிபடவில்லை, வீட்டில் தமிழை விட்டுவிட்டு இந்த நாட்டு மொழியை மட்டும் பேசலாமா என்று கேட்டீர்களே, அதற்குத்தான் எழுதுகிறேன். விடாதீர்கள்.

என் மகளுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான், பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதல். நாங்கள் வந்த புதிதில் ஒரு பேச்சுப் பயிற்சியாளர், இரண்டு மொழி அவளுக்குப் பாரம் என்றார். நம் ஆட்களும் சேர்ந்து அதையே சொன்னார்கள். எனக்கு அப்போது இந்த ஊர் மொழியில் வழி கேட்கத்தான் தெரியும், அதை வைத்துக்கொண்டு பொறாமை, மன்னிப்பு இதையெல்லாம் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கனடாவில் கே-ரெய்னிங் பேர்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மொழியோடு வளரும் டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள், ஒரே மொழியோடு வளரும் டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை. இன்னமும் பழைய பாட்டைப் பாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பந்தைக் காட்டலாம், பொறுமையைக் காட்ட முடியாது. அந்தச் சொற்களெல்லாம் வீட்டுப் பேச்சின் நடுவில்தான் பிள்ளையிடம் வந்து சேரும். இந்தப் பிள்ளைகளுக்குக் காதில் விழுந்ததைச் சற்று நேரம் மனதில் நிறுத்துவது கஷ்டம், கண்ணால் பார்த்தது அதைவிட நன்றாக நிற்கும், அதனால் விளக்கம் நீண்டால் பாதியிலேயே நழுவிவிடும். உணர்ச்சியோடு ஒட்டிய சொற்களில் தொடங்குங்கள். ஏமாற்றம் என்பதை அவன் ஏமாந்து நிற்கிற அந்த நேரத்திலேயே சொல்லுங்கள், எழுதியும் காட்டுங்கள். மொழிச் சோதனைக்கு முன்னால் காதைச் சோதித்துவிடுங்கள், நடுக்காதில் நீர் கட்டுவது இவர்களிடம் சகஜம்.

சோதனை என்றதும் இன்னொன்று. இந்த ஊர் மொழியில் மட்டும் சோதித்து 'இவனுக்கு இவ்வளவுதான் சொற்கள்' என்று தாளை நீட்டினால் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள், தமிழில் தெரிந்ததையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு சொல்லைச் சொன்னால் அதற்குரிய படத்தைத் தொட்டுக் காட்டும் சோதனையை மட்டும் நம்பவும் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பெண்ணுக்கு வில்லியம்ஸ் சிண்ட்ரோம், அதாவது ஏழாவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லை. சரளமாகப் பேசுவாள், படச் சோதனையில் நல்ல மதிப்பெண். ஆனால் 'முன்னால்', 'பின்னால்', 'இடையில்', 'அதைவிட' மாதிரிச் சொற்கள் வந்தால் தடுமாறுவாள். வில்லியம்ஸ் பிள்ளைகள் பலரிடம் இது உண்டு. இவ்வளவு பேசுகிறவளுக்கு எதற்கு உதவி என்று பள்ளியில் மறுத்துவிட்டார்கள், பெற்றோர் நடையாய் நடந்துதான் வாங்கினார்கள்.

அப்புறம், இப்படிப்பட்ட பிள்ளைகளை விசேஷங்களுக்கு அழைத்து வராத குடும்பங்கள் நம்மிடம் இருக்கின்றன. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நாலு பேர் பேசுவதைக் கேட்காமல் எந்தப் பிள்ளைக்கும் இந்தச் சொற்கள் வராது. என் மகளை எல்லா இடத்துக்கும் கூட்டிப்போனேன். சிறு வயதோடு சொல் சேர்வது நின்றுவிடும் என்று பயமுறுத்தினார்கள், இருபதைத் தாண்டியும் அவளுக்குச் சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. போன மாதம் அவள் தம்பியோடு ஒரு சண்டை. "வாக்குக் கொடுத்தாய், மீறிவிட்டாய்" என்றாள். அவன் இந்த ஊர் மொழியில் ஏதேதோ சொல்லிச் சமாளித்தான், இவள் தமிழிலேயே விடாமல் பிடித்துக்கொண்டாள்.